எம்.சி. ரோட்டில் மாமியாரைத் தொலைத்த கதை

பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் தங்கள் ஆராய்ச்சியாகவே தெரியும். கல்லீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்த என் தோழி ஒருத்தி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "மாமா, கொஞ்சம் டெஸ்ட் எடுத்துடுங்க" என்றாள். அவர் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த நேரத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது. விளைவு, முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில் வருங்கால மாமியாரைத் தொலைத்தேன். ஏதோ கவனக்குறைவில் தொலைத்ததாக நினைக்காதீர்கள். முறைப்படி, ஆராய்ச்சிபூர்வமாகத் தொலைத்தேன்.

என் ஆராய்ச்சி என்னவென்று வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் யாராவது கேட்டால் என் அம்மா சொல்லும் பதில் இது: "இன்னாமோ பொடிய போட்டுட்டு, அது எங்க போவுதுனு பாத்துக்கினே குந்திகினு கீது." இவ்வளவு தெளிவாக என் கைடுகூடச் சொன்னதில்லை.

அம்மா சொல்லும் பொடி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள். ஒளிரும் பச்சைச் சாயம் ஏற்றி, கொழகொழவென்று நெருக்கமாக இருக்கும் ஒரு கரைசலில் அவற்றை விடுவேன். நம் உடம்பின் உயிரணுவுக்குள்ளும் அப்படித்தான் நெரிசல். மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகள் அலைவதைப் படமெடுப்பேன். வெறும் தண்ணீரில் என்றால் ஒரு துகள் இஷ்டத்துக்குத் தள்ளாடும். நாலு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தூரமாவது போய்ச் சேரும். நெரிசலில் அதுவும் நடக்காது. மாட்டும், கொஞ்சம் நகரும், மறுபடி மாட்டும். எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று அதற்கே தெரியாது. மொத்தத்தில், நெரிசலில் விட்ட துகள் விட்ட இடத்தின் அக்கம்பக்கத்திலேயேதான் கிடக்கும். இது சத்தியமான உண்மை. துகளைப் பொறுத்தவரை.

இனி மாமியார் விஷயம்.

நான் கட்டிக்கொள்ளவிருந்த ஜெகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு வேலை. குடும்பம் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். எங்களுடையது காதல் கல்யாணம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் பாதி வயசு கூடிவிட்டது. ஜெகனின் அம்மா கஸ்தூரி அத்தை ஒருவழியாகச் சரி என்றார். ஆனால் என்னிடம் சிரித்ததில்லை. பேசினாலும், பக்கத்துச் சுவரிடம் பேசுவது மாதிரி பேசுவார். "படிச்ச பொண்ணு. நம்மகூட ஒட்டுமா?" என்பது அவர் சந்தேகம்.

அதைவிடப் பெரிய கண்டம் தெய்வானை பெரியம்மா. கஸ்தூரி அத்தையின் ஓரகத்தி, அந்த வீட்டுக்கே மூத்த மருமகள். அவருக்கு இந்தக் கல்யாணம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "வெள்ளிக்கெயம பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி முகூர்த்தப் பட்டு எடுத்துடணும். அதுல எதுனா கோணலாச்சுனா, தை மாசத்துக்குத் தள்ளிடலாம்" என்று சபையில் அறிவித்திருந்தார். தள்ளிடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளிய கல்யாணத்தைத் திரும்ப இழுத்துவர ஆள் கிடைக்காது.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பின்னாலேயே போய், கை காட்டிய புடவைக்குத் தலையாட்டிவிட்டு வர வேண்டும். ஒரு வாழைத்தார்கூடச் செய்துவிடும் வேலை. என்னால் முடியவில்லை.

ஏனென்றால் அடுத்த வாரம் எனக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது. "பொதுமக்களுக்குப் புரியற மாதிரி ஒரு வீடியோ இருந்தா நல்லாருக்கும்" என்று கைடு சொல்லியிருந்தார். தீபாவளி நெருங்கும் வாரம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜவுளிக் கூட்டம். இதைவிட நல்ல நெரிசல் உலகத்தில் எந்தச் சோதனைச்சாலையில் கிடைக்கும்? துகள்களும் தயாராக இருந்தன. அத்தை, பெரியம்மா, ஜெகனின் அக்கா ரேவதி, என் அம்மா.

சாயம் மட்டும்தான் பாக்கி. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஜெகனிடம் சொல்லி அவன் யார்டில் போட்டுக்கொள்ளும் சேஃப்டி கோட்டு நாலு வாங்கிவரச் செய்தேன். அந்தப் பளீர் கிளிப்பச்சை, குறுக்கே வெள்ளிப் பட்டை, முதுகில் கொட்டை எழுத்தில் 'பாதுகாப்பே முதன்மை'.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பையைத் திறந்தேன்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் அத்தை, என் அம்மாவைப் பார்த்து.

"கூட்டத்துல யாரும் தொலஞ்சிடக் கூடாதுல்ல அத்தை. தூரத்துலருந்தே பளிச்சுனு தெரியும்."

"நாம இப்ப பட்டு எடுக்கப் போறோமா, பள்ளம் தோண்டப் போறோமா?" என்றார் பெரியம்மா.

என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வா உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தது. ஆனால் சம்பந்தி முன்னால் பெண்ணை விட்டுக்கொடுக்க முடியாதே. "பொண்ணு படிச்சது. எதுனா காரணம் இருக்கும்" என்று முதலில் அவரே மாட்டிக்கொண்டார். ரேவதி அக்கா சிரித்துக்கொண்டே மாட்டினார். அத்தை கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்புள்ள கோட்டு" என்று சொல்லிவிட்டு மாட்டினார். கடைசியில் பெரியம்மாவும். வெள்ளிக்கிழமை, தலை நிறைய மல்லிப்பூ, நெற்றி நிறைய குங்குமம், அதற்குமேல் கன்டெய்னர் யார்டு.

"ஒனக்கு?" என்றார் ரேவதி அக்கா.

எனக்கு இல்லை. மைக்ராஸ்கோப்புக்கு யாராவது சாயம் அடிப்பார்களா?

அடுத்த புத்திசாலித்தனம்: கூட்டத்தில் பிக்பாக்கெட் அதிகம் என்று நாலு பேர் போனையும் வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். (அடிப்பாவி என்கிறீர்களா? இருங்கள், இன்னும் இருக்கிறது.)

சம்பிரதாயப்படி முதலில் மஞ்சள் குங்குமம் வாங்கினோம். அடுத்தது ஜவுளிக்கடை. அது தெரு முக்கைத் தாண்டி அந்தப் பக்கம், பத்தரைக்கு இன்னும் தாராளமாக நேரம் இருந்தது. "நீங்க நடந்துகினே இருங்க, ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாத்திரக்கடையின் மாடிப்படியில் ஏறி நின்று வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

என்ன அருமையான காட்சி! கறுப்புத் தலைகள் கடலாக நகர, நடுவில் நாலு பச்சைப் புள்ளிகள். முதல் பச்சை, அதாவது என் அம்மா, வளையல் வண்டியில் மாட்டியது. இரண்டாவது, ரேவதி அக்கா, நைட்டிக் குவியலில் மாட்டியது. மூன்றாவது, தெய்வானை பெரியம்மா, கல்யாணத்தை எதிர்ப்பதையெல்லாம் மறந்துவிட்டு ரவிக்கைத் துணிக்கடையில் நன்றாக மாட்டியது. என் பாடப்புத்தகம் உயிரோடு எழுந்து நடப்பது போல் இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

நாலாவது புள்ளி மட்டும் எங்கேயும் மாட்டவில்லை. கூட்டத்தை நேர்கோட்டில் கிழித்துக்கொண்டு விறுவிறுவென்று போய் என் படத்தை விட்டே வெளியேறிவிட்டது.

நெரிசலில் எந்தத் துகளும் இப்படிப் போகாது. ஆகவே அது நம்முடைய துகளே அல்ல, மெட்ரோ வேலை செய்கிற யாரோ ஒருவர் என்று முடிவு செய்தேன். எங்கள் துறையில் கணக்குக்கு ஒத்துவராத புள்ளியை இப்படித்தான் மரியாதையாக ஒதுக்கிவைப்போம். அந்த நிமிஷம் நான் ஒதுக்கிவைத்தது என் மாமியாரை.

கீழே இறங்கினேன். அம்மாவைப் பிடித்தேன், அக்காவைப் பிடித்தேன், ரவிக்கைத் துணியிலிருந்து பெரியம்மாவைப் பிரித்தெடுத்தேன். அத்தையைக் காணோம்.

"போன் போடு" என்றார் ரேவதி அக்கா. போட்டேன். என் கைப்பையிலேயே மணி அடித்தது. பெரியம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"பயப்படாதீங்க" என்றேன். "கூட்டத்துல யாரும் ரொம்ப தூரம் போவ முடியாது. இங்கதான் எங்கனா கீறாங்க." விஞ்ஞானம் சொன்னபடி அந்தப் பாத்திரக்கடையைச் சுற்றியே தேடினேன். இட்லிக் குண்டானுக்குப் பின்னால் தேடினேன். மஞ்சள் கடைக்குத் திரும்பிப் போய்த் தேடினேன். கடைக்காரர், "இன்னாம்மா, மறுபடியும் மஞ்சளா?" என்றார். பத்தரை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா நடக்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். ஜெகன் முகம் வேறு கண்முன் வந்து வந்து போனது. ஒரு வீடியோவுக்கு ஆசைப்பட்டு வாழ்க்கையையே கோட்டை விட்டுவிட்டேனே என்று அழுகை முட்டியது.

"சரி, கடைக்காச்சும் போயி நிப்போம். அத்தைக்குக் கடை தெரியும்" என்றார் அம்மா. இந்த யோசனை எனக்கு ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்காதீர்கள். துகளுக்குப் போகிற இடம் தெரியாது. அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன்.

நால்வரும் முண்டியடித்துத் தெரு முக்குவரை வந்தோம். அங்கே கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் தெருவை மறித்துக் குறுக்கே கயிறு. அந்தப் பக்கம் நெரிசல் குறைந்தால்தான் இந்தப் பக்கத்தை விடுவார்களாம். நெரிசலில் நான் ஒதுங்கி, குனிந்து, எக்கி, எனக்கு முன்னால் ஒரு பத்துத் தலை மட்டும் இருக்கும் இடம்வரை வந்துவிட்டேன். யாரோ பெண் குரல் முன்னாலிருந்து தெருவையே மிரட்டிக்கொண்டிருந்தது.

"ஏய் செவப்பு சட்ட, நவுராத! தோ, கொயந்தய தோள்ல தூக்கு! ஒயுங்கா நில்லுங்க, அப்பால உடறேன்!"

எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அவசரம்தான் பெரிதாக இருந்தது. "மேடம், எனக்கு வயி உடுங்க! என் மாமியார் அந்தாண்ட கீறாங்க, நான் அவங்களப் பாக்கணும்!" என்று கத்தினேன்.

"மாமியாரப் பாக்க இன்னா அவ்ளோ அவசரம்?" என்றது குரல். "கயித்தத் தாண்ட ஆளாளுக்கு ஒரு கதை. மாமியாரப் பாக்க ஓடுற பொண்ண நான் இந்த வண்ணாரப்பேட்டையிலயே பாத்ததில்ல. சொம்மா நில்லு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த தலைகள் சிரிப்பில் கொஞ்சம் அசைய, இடுக்கில் ஒரு கிளிப்பச்சை தெரிந்தது. கயிற்றின் ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டி, மறு முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, 'பாதுகாப்பே முதன்மை' கஸ்தூரி அத்தை.

"அத்தை! நான்தான், மலரு!"

"கூட்டத்துல எல்லாத்துக்கும் நான் அத்தைதான்" என்றபடி திரும்பியவர் என்னைப் பார்த்தார். "ஏ, நம்ம மலரு! எங்கடி போன?"

நான் எங்கே போனேனாம்!

நடந்தது இதுதான். முக்கில் கூட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கு, கோட்டும் கம்பீரமுமாக வந்த அத்தை, கூட்டத்தைச் சமாளிக்க வந்த ஆள் மாதிரித் தெரிந்திருக்கிறார். "அம்மா, இதக் கொஞ்சம் புடிங்க, அங்க ஒரு குழந்தை அழுதுகிட்டு நிக்குது" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். மருமகள் கோட்டு கொடுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது என்று அத்தையும் நினைத்துக்கொண்டார். காலங்காலையில் காசிமேட்டில் மீனுக்குக் குரல் கொடுப்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"அத்தை, மணி பத்தரை ஆவப் போவுது. கயித்த உட்டுட்டு வாங்க!"

அத்தை கயிற்றைப் பார்த்தார். அதில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற முதல் வரிசையைப் பார்த்தார். பாதிப் பேர் கையில் குழந்தை.

"கயித்த உட்டா கொயந்தைங்க மிதிபடும்டி" என்றார். "போலீஸு வரட்டும்."

பின்னாலிருந்து பெரியம்மா மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "எல்லாம் நல்லதுக்குதான். தையில பாத்துக்கலாம்" என்றார்.

நான் அழுதேவிட்டேன். இருபத்தெட்டு வயசு, பாதி டாக்டர் பட்டம், எம்.சி. ரோடு முக்கில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னாமே ஆச்சு?" என்றார். அம்மா சொன்னார். அந்தப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். முகூர்த்தப் புடவை, ராகுகாலம், மாமியார், கயிறு என்று செய்தி கூட்டத்துக்குள் பரவிய வேகம் இருக்கிறதே, என் ஆராய்ச்சிக்கு அதுவும் பொருந்தவில்லை.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பி, எதிர்ப்பக்க ஜவுளிக்கடை வாசலில் ஸ்டூல் மேல் நின்று கைதட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "தம்பீ! ஒரு முகூர்த்தப் பட்டு இந்தாண்ட அனுப்பு! அரக்கு செவப்பு, அகலக் கரை!"

"அனுப்பறதா? அக்கா, இந்தக் கூட்டத்துலயா? யாராச்சும் எடுத்துக்கினு ஓடிட்டா?"

"எங்க ஓடுவாங்க? இங்க ஒருத்தருக்கும் மூச்சு உடவே எடமில்ல!"

அந்தத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. முதலாளி வெளியே வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டு உள்ளே போனார்.

புடவை வந்தது. தலைகளுக்கு மேலே, கைமாறிக் கைமாறி. ஒவ்வொரு கையும் அதை அப்படியே தள்ளிவிடவில்லை. ஒருவர் கரையைத் தடவிப் பார்த்தார். ஒருவர் ஜரிகையைத் திருப்பி, "அசல்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுப்பினார். "ஷோக்கா கீது, கண்ண மூடிக்கினு எடு!" என்று யாரோ கத்தினார்கள். பொட்டில்லாத நெற்றியோடு நின்ற ஒரு அம்மாவிடம் வந்தபோது மட்டும் புடவை தயங்கியது. அவர் விரல் நுனியால் அதைப் பக்கத்தில் தள்ளப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றார் கயிற்றிலிருந்து அத்தை. "ரெண்டு கையாலயும் நல்லா புடிச்சுக் குடு."

அந்த அம்மா புடவையை நெஞ்சோடு ஒரு கணம் அணைத்துப் பிடித்து, என்னிடமே நீட்டினார். "நல்லா இரு கண்ணு" என்றார். எனக்கு மறுபடி கண் நிறைந்துவிட்டது.

அடுத்து அதே வழியில் பணம் கட்டும் ஸ்கேன் அட்டை வந்தது. ரேவதி அக்கா என் பையிலிருந்து தன் போனை எடுத்து, அட்டையை எதிரில் நின்றவர் முதுகில் சாய்த்து ஸ்கேன் செய்தார். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. (அத்தனை பேர் இருக்கும் இடத்தில் சிக்னல் மட்டும் எப்படிப் போகும்?) அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. தெய்வானை பெரியம்மா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "ரேவதி, சீக்கிரம்! இன்னும் ரெண்டு நிமிஷம் கீது! அமுக்குடி!" என்று எங்கள் எல்லோரையும்விடப் பதறிக் கத்தினார். தெருவே அமைதியானது. கடைக்குள்ளிருந்த பெட்டி, பணம் வந்து சேர்ந்துவிட்டதாக உரக்கச் சொன்னது. யாரோ விசிலடித்தார்கள். கூட்டம் கைதட்டியது.

போலீஸ்காரர் அழுத குழந்தையை அதன் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தபோது, ராகுகாலம் பிறந்திருந்தது. அத்தை கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் பதிந்திருந்த சிவப்புத் தடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் பெரியம்மா ஆரம்பித்தார். "அஞ்சு சுமங்கலி தொடணும்னு பாத்தா, ஊரே தொட்டுச்சு. அதுல யாரு சுமங்கலி, யாரு இல்லன்னு எவ கண்டா?"

"மனசாரத் தொட்டாங்க. போதும், உடுக்கா" என்றார் அத்தை. கோட்டு எதற்கு, படிமேல் ஏறி நின்றது எதற்கு என்று அதற்குள் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார். சுவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்தே கேட்டார்: "அந்தப் படம் இன்னா ஆச்சு? நான் நல்லா விழுந்துகினு கீறனா?"

"இல்ல அத்தை" என்றேன். "நீங்க படத்த உட்டே போயிட்டீங்க."

அத்தை சிரித்தார். என்னிடம் சிரித்தது அதுதான் முதல்முறை.

கருத்தரங்கில் அந்த வீடியோவைப் போட்டேன். நாலாவது புள்ளி பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அதை ஒதுக்கிவைத்திருப்பார்கள்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. மறு வருடமே எனக்கு டாக்டர் பட்டம் வந்தது. இப்போது என் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். திருவொற்றியூர்த் தேருக்குப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனாலும் சரி, கூட்டத்தைப் பார்த்ததும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பேத்தியை விட்டுவிடுவார், அவள்பாட்டுக்கு முன்னால் ஓடுவாள். "என் மருமவ, கூட்டத்தப் பத்தி படிச்ச டாக்டரு" என்று எதிரில் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். "கைய உட்டா தொலஞ்சிபூடும்."

கூட வரும் வீட்டார் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மீன் கூடை தூக்கிய கை, இரும்புப் பிடி. மணிக்கட்டு வலிக்கும். விடுங்கள் என்று நான் இதுவரை சொன்னதில்லை.